எழுத்தாளரின் பெயரைத் தேடினால் எழுத்தாளர்தான் வரவேண்டும்

9 ஜனவரி 2024

ஒரு வாசகர் கேட்டது, அப்படியே:

“இருபது வருடமாக எழுதுகிறேன். இரண்டு சிறுகதைத் தொகுப்பு, ஒரு நாவல். என் பெயரைக் கூகுளில் போட்டால் அதே பெயருள்ள வேறு யார் யாரோ வருகிறார்கள். மூன்றாம் பக்கம்வரை புரட்டினேன், நான் இல்லை. எழுத்து நன்றாக இருந்தால் வாசகர் தானாக வருவார் என்று நம்பியே இருந்தேன். தேடுபொறிக்காக மெனக்கெடுவது எழுத்தாளர் வேலையா? இல்லை என்பது என் கட்சி.”

9 ஜனவரி, இரவு

எழுத்தாளர் வேலை இல்லைதான். ஆனால் யாராவது செய்தே ஆகவேண்டும். மூன்று வருடமாக ஒரு மூத்த எழுத்தாளருக்கு நான் இதைச் செய்து கொடுக்கிறேன். அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். தெரிந்ததை அவ்வப்போது எழுதி வைக்கிறேன்.

உங்கள் எழுத்து நன்றாக இருக்கிறதா என்று தேடுபொறி படித்துப் பார்த்துச் சொல்லாது. 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டிலிருந்து கொண்டுவந்த பேஜ்ரேங்க் யோசனையே, ஒரு பக்கத்துக்கு யார் யார் இணைப்புக் கொடுக்கிறார்கள், கொடுப்பவர் எவ்வளவு மதிக்கப்படுகிறவர் என்று எண்ணிப் பார்ப்பதுதான். இன்று அதோடு எத்தனையோ கணக்குகள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் பக்கம் என்று ஒன்று இருக்கவேண்டும், தேடுபொறியின் இயந்திரம் அதற்குள் நுழைய முடியவேண்டும், எழுத்து எழுத்தாக இருக்கவேண்டும், வெளியே நாலு பேராவது அதைச் சுட்டவேண்டும். இதில் எது குறைகிறது என்று பாருங்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு எல்லாமே குறைந்திருந்தது.

10 ஜனவரி

அதே வாசகர்: “தளம் இருக்கிறது. ஆறு மாதம் ஆகிறது. ஒன்றும் வரவில்லை.”

எத்தனையாவது இடம் என்பது அப்புறம். பட்டியலில் இருக்கிறோமா என்று முதலில் பார்க்கணும். தேடல் பெட்டியில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் உங்கள் தள முகவரியைப் போடுங்கள். ஒன்றுகூட வரவில்லையா? அப்படியானால் கூகுளைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் பிறக்கவே இல்லை.

அக்காவின் தளம் பதினான்கு மாதம் அப்படிக் கிடந்தது. கட்டிக் கொடுத்தவர், வேலை முடியும்வரை யார் கண்ணிலும் படவேண்டாம் என்று, அமைப்புப் பக்கத்தில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார். வேலை முடிந்தது, பணம் வாங்கினார், டிக்கை எடுக்க மறந்தார். அக்கா ஒரு விரலால் தட்டித் தட்டி 41 கதைகளை ஏற்றியிருந்தார், அத்தனையும் பூட்டிய அறைக்குள். டிக்கை எடுப்பது இரண்டு நொடி வேலை. எடுத்து மூன்று வாரத்தில் முதல் பக்கங்கள் வரத் தொடங்கின. அந்தப் பதினான்கு மாதமும் “என் கதை யாருக்கும் வேண்டாம்போல” என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரோபோட்ஸ் கோப்பில், அதாவது இயந்திரம் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று தளத்தில் எழுதி வைக்கும் குறிப்பில், தடுத்திருந்தாலும் இதே கதிதான், பக்கம் தேடலில் வராது.

11 ஜனவரி

நேற்றைய கடைசி வரி தப்பு. இரவெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது, திருத்துகிறேன்.

ரோபோட்ஸ் கோப்பு 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த ஏற்பாடு. இணையத் தரநிலையாக முறைப்படி ஏற்கப்பட்டது 2022-இல்தான். அது இயந்திரத்திடம் “உள்ளே வராதே” என்று மட்டுமே கேட்டுக்கொள்கிறது. வெளியே யாராவது அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வெறும் முகவரியைத் தேடலில் காட்டலாம். “பட்டியலில் போடாதே” என்று சொல்வது நோஇண்டெக்ஸ் குறி. அது பக்கத்துக்குள் இருப்பது; உள்ளே வந்து படித்தால்தான் தெரியும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வாசலிலேயே திரும்பிவிடுகிற இயந்திரம் உள்ளே இருக்கும் அறிவிப்பைப் பார்ப்பதே இல்லை. ஒரு பக்கத்தை மறைக்க நினைத்து இரண்டையும் போட்டுவிட்டு, அது ஏன் இன்னும் தெரிகிறது என்று நான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

18 ஜனவரி

பெயர் விஷயம். முதல் கேள்வியின் மையமே அதுதான், நான் தாண்டிப் போய்விட்டேன்.

நமக்கெல்லாம் முன்னெழுத்து உண்டு. அக்காவின் முதல் தொகுப்பில் முன்னெழுத்து, புள்ளி, இடைவெளி, பெயர். இரண்டாவதில் இடைவெளி இல்லை. நாவல் அட்டையில் முன்னெழுத்தே இல்லை. அட்டை வடிவமைத்தவருக்கு அது கண்ணை உறுத்தியதாம். ஒரு இதழில் தந்தை பெயர் முழுதாக வந்தது. இன்னொன்றில் முன்னெழுத்து ஆங்கிலத்தில். ஆக, ஒரே மனுஷி ஐந்து பேராகச் சிதறிக் கிடந்தார். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பக்கம்தான், யாருக்கும் எடை இல்லை.

ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்துச் சத்தியம் செய்துகொள்ளுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? இதுவரை அதிகம் அச்சான வடிவத்தை. வேறு பிரபலத்தின் பெயரோடு மோதினால் முன்னெழுத்தை ஒருக்காலும் விடாதீர்கள். பிறகு தளத்தில் ‘என்னைப் பற்றி’ பக்கத்தில் மற்ற வடிவங்களையும் ஒரு சாதாரண வாக்கியமாக எழுதிவிடுங்கள்: “இன்ன இன்ன பெயர்களிலும் எழுதியிருக்கிறேன்.” ஆங்கில எழுத்தில் உங்கள் பெயரை எப்படி எழுதுவீர்களோ அதுவும் ஒரு முறை இருக்கட்டும். தமிழ்க் கதை படிக்கிறவர்களிலேயே பலர் ஆங்கில எழுத்தில்தான் தட்டித் தேடுகிறார்கள்.

நூலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண் வாங்கும்போது பதிப்பாளர் உங்கள் பெயரை எப்படிக் கொடுக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். 13 இலக்க எண் சரியாக இருக்கும். அதோடு பதிவாகும் பெயர்தான் நூலகப் பட்டியலுக்கும் நூல் விற்கும் தளங்களுக்கும் அப்படியே போகும். அங்கே விழுந்த பிழை வருடக்கணக்கில் உங்களோடு வரும்.

19 ஜனவரி

ஐஎஸ்என்ஐ என்று படைப்பாளிகளுக்கென்றே 16 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. 2012-இலிருந்து சர்வதேசத் தரநிலை. ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் எண் ஆளுக்கொன்று. சில நூலகப் பதிவுகளில் உங்களுக்கே தெரியாமல் ஏற்கெனவே ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கலாம். தேடிப் பாருங்கள்.

2 பிப்ரவரி

இன்று கண்டுபிடித்ததைச் சொல்ல மனம் பரபரக்கிறது.

அக்காவின் முதல் தொகுப்பின் தலைப்பில் ‘மௌனம்’ என்ற சொல் இருக்கிறது. தளத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, உலாவியின் தேடல் கட்டத்தில் ‘மௌனம்’ என்று தட்டினேன். “எதுவும் இல்லை” என்றது. திரையில் பெரிய எழுத்தில் கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறது!

அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அழித்துப் பார்த்தேன். நான் தட்டிய சொல்லில் மகரத்தின் பின்னால் ஔகாரக் குறி ஒரே எழுத்தாக இருக்கிறது. அக்கா தட்டியதில் ஒற்றைக்கொம்பு தனி, அதன் பின் ளகரம் தனி. அதாவது அவர் எழுதியிருப்பது ‘மெ-ள-னம்’. அச்சில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. இயந்திரத்துக்கு அவை வேறு வேறு சொல். தட்டச்சு இயந்திரக் காலத்துப் பழக்கம் அவருக்கு: கொம்பு போடு, எழுத்துப் போடு, கடைசியில் ள போடு. கணினிக்கு வந்த பிறகும் விரல் மறக்கவில்லை.

தொகுப்புத் தலைப்பில் ஒன்று, கதைகளுக்குள் எத்தனையோ. மௌனம், பௌர்ணமி, சௌகரியம், கௌரவம்... எல்லாம் ளகரத்தோடு.

3 பிப்ரவரி

அது ஒன்றுதான் என்று நினைத்தால், இன்று காலையில் இன்னும் கிடைத்தன. ‘அவர்கள்’ என்பதில் ரகர ஒற்றுக்குப் பதிலாகத் துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி. ‘எ’ போட வேண்டிய இடத்தில் பழைய தமிழ் எண் ஏழு. தொலைபேசி விசைப்பலகையில் தட்டியதாம். ‘ஔவை’யில் ஒகரமும் ளகரமும். ஒகரக் குறி ஒரே எழுத்தாகவும் வரலாம், கொம்பும் காலுமாகவும் வரலாம். அவை இரண்டும் சமம் என்று, கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் தரும் பொது ஏற்பாடான யூனிகோடே சொல்கிறது, அதனால் அதில் பெரிய கேடில்லை. ளகரத்துக்கும் காலுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஒரே நாளில் ‘கண்டறிந்து மாற்று’ போடலாம் என்று உட்கார்ந்தேன். போடாதீர்கள். ‘மெளனம்’ தப்பு. ஆனால் ‘வெள்ளம்’, ‘தெளிவு’ எல்லாவற்றிலும் கொம்பும் ளகரமும் நியாயமாகவே வருகின்றன. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் வெள்ளம் போய் வேறேதோ நிற்கும். சொல் சொல்லாகத்தான் மாற்றணும். பட்டியல் போட்டிருக்கிறேன், இதுவரை 58 சொற்கள்.

7 பிப்ரவரி

இரண்டாம் தேதி எழுதியதில் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன். கூகுளில் ‘மௌனம்’ இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். முடிவுகள் ஒன்றல்ல, ஆனால் கொஞ்சம் கலந்து வருகின்றன. பிழையான வடிவத்துக்கும் சரியான பக்கங்கள் சில வந்தன. ஆகவே கூகுளில் முழுக்க இருட்டடிப்பு என்று சொல்ல முடியாது. தளத்துக்குள் இருக்கிற தேடல் கட்டத்திலும், நான் பார்த்த இரண்டு நூல் விற்பனைப் பக்கங்களிலும் அப்படியில்லை. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் நூல் ‘இல்லை’. கையில் பணத்தோடு வந்த வாசகர் திரும்பிப் போவது அங்கேதான்.

11 பிப்ரவரி

‘எழுத்து எழுத்தாக இருக்கவேண்டும்’ என்று முதல் நாள் எழுதினேன். என்ன அர்த்தம் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

அக்காவின் நல்ல கதைகளில் ஆறு ஒரு இதழின் பிடிஎஃப் கோப்புகளில் இருக்கின்றன. திறந்தால் அழகான தமிழ். ஒரு வரியைப் பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாகக் கொட்டுகிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த ஏற்பாடு அது. நம் கண் வடிவத்தைப் பார்க்கிறது, இயந்திரம் அடியில் இருக்கிற எண்ணைப் பார்க்கிறது. அந்த ஆறு கதையும் அதற்கு அர்த்தமில்லாத ஆங்கிலம்.

ஸ்கேன் செய்து படமாகப் போட்டது இன்னொரு வகை. படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கத் தேடுபொறிகளுக்கு இப்போது ஓரளவு தெரியும். அதை நம்பி நம் கதையை விட்டுவைக்கக் கூடாது. பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு மனிதர் ஒருவர் வரிவரியாகப் படித்தே ஆகவேண்டும். நான் படித்தேன், ஆறு கதைக்கு ஒன்பது நாள். அலுப்பாக இல்லை, அப்படி எழுதியிருக்கிறார்.

12 பிப்ரவரி

மறந்தது: பக்க முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்ற கேள்வி. வைக்கலாம், கூகுள் படித்துக்கொள்ளும். ஆனால் அதைப் பிரதியெடுத்து ஒட்டினால் சில இடங்களில் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக நீண்டுவிடும். ‘தேடல்’ என்ற சொல்லுக்குள் யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள், ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக விரியும், ஆக 45. முழுத் தலைப்பையும் போட்டால் மூன்று வரிக்கு நீளும். அனுப்பப் பயந்து யாரும் அனுப்ப மாட்டார்கள். நான் ஆங்கில எழுத்தில் ஒன்றிரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏற்கெனவே தமிழில் இருந்தால் மாற்றாதீர்கள். மாற்றியே தீரவேண்டும் என்றால் பழையதிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) போட்டுவிட்டு மாற்றுங்கள்.

6 மார்ச்

தேடலை ஏமாற்றும் குப்பைகளுக்கு எதிராகக் கூகுள் நேற்று புதிய ஸ்பாம் விதிகளை அறிவித்திருக்கிறது. அதில் ஒன்று, காலாவதியான டொமைனை (தளத்தின் முகவரிப் பெயரை) வாங்கி அதன் பழைய மதிப்பில் சவாரி செய்வதைப் பற்றியது. படித்ததும் அக்காவுக்குத்தான் போன் செய்தேன். இது அவர் வாழ்க்கையில் நடந்தது.

இப்போதைய தளம் அவருடைய இரண்டாவது தளம். முதல் தளத்தின் டொமைன் 2016-இல் காலாவதியானது. நினைவூட்டல் மின்னஞ்சல்கள் அவர் பார்ப்பதை நிறுத்திவிட்ட பழைய முகவரிக்குப் போயிருக்கின்றன. சில மாதத்தில் யாரோ வாங்கிவிட்டார்கள். அவர் பெயரே டொமைன் பெயர். அதைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம். அவரைப் பற்றி நல்ல மனிதர்கள் எழுதிய எட்டுப் பத்து மதிப்புரைகள் இன்றும் அந்த முகவரியைத்தான் சுட்டுகின்றன. கதையைப் படித்து நெகிழ்ந்து அந்த இணைப்பை அழுத்துகிறவர் எங்கே போய் நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

மீட்க முடியவில்லை. இரண்டு காரியம் செய்தோம். மதிப்புரை எழுதிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பழைய இணைப்பு எந்தப் பத்தியில் இருக்கிறது, புதியது என்ன என்று சொல்லி எழுதினோம். பாதிக்கு மேல் மாற்றிக் கொடுத்தார்கள். ஒருவர் மாற்றியதோடு நில்லாமல் அந்தக் கதையைப் பற்றி மறுபடியும் எழுதினார். இன்னொன்று, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின், இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பினுடையது. பழைய முகவரியை அங்கே போட்டபோது 2011-ஆம் வருடத்துப் பக்கங்கள் அப்படியே எழுந்து வந்தன. கணினி பழுதாகி அக்கா தொலைத்துவிட்டதாக நினைத்த ஒன்பது கதைகளில் ஏழு அதற்குள் இருந்தன. புரூஸ்டர் கேல் 1996-இல் இன்டர்நெட் ஆர்க்கைவைத் தொடங்காமல் இருந்திருந்தால் அந்த ஏழும் போயே போயிருக்கும். நன்றியோடுதான் எழுதுகிறேன்.

டொமைனைப் பத்து வருடத்துக்குச் சேர்த்துப் புதுப்பியுங்கள். நினைவூட்டல் இரண்டு பேருக்குப் போகட்டும், அதில் ஒருவர் உங்களைவிட இளையவராக இருக்கட்டும்.

20 மார்ச்

“ஆளை வைத்துச் செய்யலாமா? மாதம் இவ்வளவு, முதல் இடம் உத்தரவாதம் என்கிறார்கள்.”

முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. நான் வருவதற்கு முன் அக்கா ஒரு நிறுவனத்துக்கு எட்டு மாதம் பணம் கட்டினார். அவர்கள் செய்த வேலையைப் பிறகு தோண்டிப் பார்த்தேன். பக்கத்துக்குள் வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கீவேர்ட் (தேடுசொல்) குறியில் சுமார் 200 சொற்கள். தரவரிசைக்கு அந்தக் குறியைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-இலேயே சொல்லிவிட்டது. பிறகு, சம்பந்தமே இல்லாத தளங்களின் பின்னூட்டங்களில் “அருமையான பதிவு” என்று எழுதி அக்காவின் பெயரில் இணைப்பு. பின்னூட்ட ஸ்பாமுக்காகவே, ‘இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காதே’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ குறி 2005-இல் வந்துவிட்டது. அப்படி வைத்த இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்த மதிப்பும் இல்லை. விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்து 2012-இல் கூகுளின் பென்குயின் என்ற தரவரிசை மாற்றம் வந்தது. அதற்கும் பிறகு இதை விற்றிருக்கிறார்கள்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. தன் பெயரில் முன்பின் தெரியாதவர்களின் வாசலில் “அருமையான பதிவு” என்று கிடந்ததைப் பார்த்து அக்கா கூசிப்போனார். ஒரு வாக்கியத்துக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்கிறவர் அவர். அந்த நிறுவனத்தின்மேல் எனக்கு இருக்கிற கோபம் குறையப்போவதில்லை.

14 ஏப்ரல்

அக்காவுக்கும் எனக்கும் நடந்த பெரிய சண்டை இது. இன்னும் முழுசாக முடியவில்லை.

எல்லாரும் எழுத்தாளர் பெயரை வைத்தே தேடுவதில்லை. பெயர் தெரிந்தவர் ஏற்கெனவே பாதி வந்துவிட்டவர். மீதிப் பேர் எப்போதோ படித்த கதையில் ஒரு காட்சியை, ஒரு பொருளை ஞாபகம் வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள். அக்காவின் ஒரு கதையில் பெட்டிச் சாவி கிணற்றுக்குள் விழுந்துவிடும், மாமியாரும் மருமகளும் இரவெல்லாம் கிணற்றடியில் உட்கார்ந்திருப்பார்கள். கதைத் தலைப்பு ஒரே சொல், அதில் சாவியும் இல்லை கிணறும் இல்லை. கதைக்குள்ளும் ‘சாவி’ என்ற சொல் இரண்டே முறை. ‘அது’ என்றே சொல்லிப் போவார், அங்கேதான் கதையின் அழுத்தமே. அந்தப் பக்கம் எப்படிக் கிடைக்கும்?

ஒவ்வொரு கதைக்கும் மேலே இரண்டு வரி முன்குறிப்பு எழுதலாம் என்றேன். யார் வருகிறார்கள், என்ன பொருள், எங்கே நடக்கிறது.

“கதையைச் சொல்லிட்டா அப்புறம் எதுக்குடா படிப்பான்?”

“முடிவைச் சொல்லலையே அக்கா.”

“என் கதையில் முடிவா முக்கியம்? சாவின்னு நீ மேலே எழுதிட்டா நான் உள்ளே மறைச்சதுக்கு என்ன அர்த்தம்?”

பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

16 ஏப்ரல்

இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முன்குறிப்பைக் கதைக்கு மேலே வைத்தால் வாசிப்பைக் கெடுக்கும். அதனால் கதைப் பக்கத்தைத் தொடவில்லை. தொகுப்புக்கு என்று தனிப் பக்கம் போட்டு, அங்கே ஒவ்வொரு கதையைப் பற்றியும் ஒரு பத்தி, அதற்குக் கீழே கதைக்கு இணைப்பு. தேடி வருகிறவர் அந்தப் பக்கத்துக்கு வருவார், அங்கிருந்து கதைக்குப் போவார். கதைக்கு நேராக வருகிறவருக்கு அதன் மௌனம் கலையாது. அக்கா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: பத்திகளை அவரே எழுதுவார். வந்து சேர்ந்த பத்திகளைப் பார்த்தால் அவையே குட்டிக் கதைகள்.

தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வருகிற குறிப்பு வரிக்கும் அவர் வாக்கியத்தையே கொடுத்தேன். கூகுள் பல நேரம் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்து வேறு வரியை எடுத்துக்கொள்ளும். எடுத்தால் எடுக்கட்டும், எல்லா வரியும் அவர் எழுதியதுதான்.

17 ஏப்ரல்

பக்கத் தலைப்பில் கதையின் பெயர் மட்டும் போதாது. கதை, கோடு, எழுத்தாளர் பெயர். ‘முகப்பு’ என்ற தலைப்பில் முகப்புப் பக்கம் வைத்திருக்கிறவர்கள் இன்றே மாற்றுங்கள். ‘முகப்பு’ என்று யாரும் எழுத்தாளரைத் தேடப்போவதில்லை.

28 மே

“கூகுள் இனி ஏஐ கொண்டு தானே பதில் சொல்லிவிடுமாமே, யார் நம் பக்கத்துக்கு வரப்போகிறார்கள்?” இந்த மாதம் அமெரிக்காவில் தேடல் முடிவுகளுக்கு மேலேயே சுருக்கம் காட்டத் தொடங்கியிருக்கிறார்கள். தகவல் தரும் பக்கங்களுக்கு அடி விழும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. கதை வேறு. கிணற்றடியில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்ததன் சுருக்கத்தைப் படித்துவிட்டு ஒருவர் திருப்தியாகப் போய்விடுவார் என்றால் அவர் நம் வாசகராக ஆகியிருக்க மாட்டார். ‘இந்த எழுத்தாளர் யார், என்னென்ன நூல்கள்’ என்ற கேள்விக்குச் சுருக்கம் தப்பாக வந்துவிடக் கூடாது. அதற்காகவாவது நூல் பட்டியல், வெளியான வருடம், ஐஎஸ்பிஎன் எல்லாம் ஒரே பக்கத்தில் தெளிவாக இருக்கட்டும். இயந்திரம் படிக்கிற விதத்தில் ‘இவர் நபர், இது நூல், இதை எழுதியவர் இவர்’ என்று குறித்து வைக்க ஸ்கீமா என்ற பொது ஏற்பாடு 2011-இலிருந்து இருக்கிறது. கூகுள், பிங், யாஹூ சேர்ந்து தொடங்கியது. ஒரு மாலை நேரத்து வேலை.

விக்கிப்பீடியாவில் தனக்குத் தானே கட்டுரை எழுதிக்கொள்ளாதீர்கள். நீக்குவார்கள், நீக்கியதும் பதிவாக நிற்கும்.

23 ஜூன்

சர்ச் கன்சோல் என்பது தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவி. இலவசம், எல்லா எழுத்தாளரும் சேர வேண்டும். எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று 16 மாதம்வரை பின்னோக்கிப் பார்க்கலாம். தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பையும் அங்கேயே கொடுக்கலாம். ஒரு கோப்பில் 50,000 முகவரி கொள்ளும், அக்காவுக்கு இப்போதைக்கு 63.

நான் மாதம் ஒரு முறைதான் திறக்கிறேன். தினமும் பார்த்த காலத்தில் மனம் எண்ணிக்கையிலேயே கிடந்தது. ஒரு கதை பத்து நாள் காட்டப்படவே இல்லை என்றால் அக்காவிடம் என்ன சொல்வது என்று தவிப்பேன். இன்னொன்றும் கவனியுங்கள்: மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காக அந்தப் பட்டியலில் காட்ட மாட்டார்கள். தமிழ்க் கதையைத் தேடுகிறவர்களில் பலர் அந்த ‘மிகச் சிலர்’தான். ஆகவே பட்டியலில் இல்லை என்பதற்காக யாரும் தேடவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

12 செப்டம்பர்

தேடல் முடிவுகளின் ‘இந்தப் பக்கத்தைப் பற்றி’ பகுதியிலிருந்து வேபேக் மெஷினுக்கு நேரடி இணைப்பு கொடுக்கத் தொடங்கியிருக்கிறது கூகுள். இந்த வருடத் தொடக்கத்தில் கேஷ் இணைப்பை (கூகுள் சேமித்து வைத்த நகலுக்கான இணைப்பை) எடுத்தபோது வருத்தப்பட்டேன். இது நல்ல மாற்று. உங்கள் கதைப் பக்கங்களை நீங்களே அங்கே சேமிக்கச் சொல்லலாம், அதற்கென்று கட்டம் இருக்கிறது. அக்காவின் 63 பக்கங்களையும் சேமித்துவிட்டேன்.

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். முன்னெழுத்தோடு தேடினால் இப்போது இரண்டாவதாக வருகிறாராம், முன்னெழுத்து இல்லாமல் இன்னும் இல்லை. தளத்தில் நோஇண்டெக்ஸ்தான் இருந்திருக்கிறது.

3 அக்டோபர்

அக்காவுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அனுமதி கேட்டுக்கொண்டு, ஆளைச் சொல்லாமல், சாரத்தை மட்டும் எழுதுகிறேன்.

எழுதியவருக்குப் பதினாறு வயதில் யார் வீட்டிலோ கிழிந்த இதழ் ஒன்றில் ஒரு கதை படித்த ஞாபகம். தலைப்புப் பக்கம் இல்லை, எழுதியவர் பெயர் தெரியாது. மாமியார் இறந்த வாரம் அந்தக் கதை திடீரென்று மனதுக்கு வந்ததாம். போனை எடுத்து ‘கிணத்துல சாவி விழுந்த கதை மாமியார்’ என்று தட்டியிருக்கிறார். தொகுப்புப் பக்கம் வந்தது, அக்கா எழுதிய பத்தி வந்தது, அங்கிருந்து கதைக்குப் போயிருக்கிறார்.

அக்கா போனில் அதை வாசித்துக் காட்டினார். பாதியில் நிறுத்தினார். நானும் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சாவின்னு எழுதினது சரிதான்டா,” என்றார்.

சர்ச் கன்சோலில் அந்தத் தேடல் இல்லை. இருக்காது என்று தெரிந்தும் பார்த்தேன்.

5 அக்டோபர்

‘மௌனம்’ பட்டியல் இப்போது 94 சொல். இரண்டு தொகுப்பும் முடிந்துவிட்டது. நாவலில் 31 அத்தியாயத்தில் 19 ஆயிற்று. இருபதாவதில் ‘கௌரி’ என்று ஒரு பாத்திரம் அறிமுகமாகிறார், பக்கத்துக்குப் பத்து முறை வருகிறார், எல்லா இடத்திலும் ளகரம். அக்காவிடம் சொன்னேன். இனிமேல் எழுதுவதை ஔகாரக் குறியோடே தட்டிப் பழகுகிறேன் என்று விசைப்பலகையில் அது எந்த விசை என்று கேட்டு எழுதி ஒட்டி வைத்துக்கொண்டிருக்கிறார்.